முகத்துவாரம் வெட்ட முந்தின தண்ணி

பங்குனி, வெள்ளி இரவு.

சோதனையில முந்திப் பிரிஞ்ச ஆறு தகட்டுத் துண்டையும் கணக்கில இருந்து தூக்கச் சொல்லிட்டார், கொழும்பில இருந்து இந்தச் சோதனையை நடத்துற சேர். மெசின் பிழையாம். என்ட மெசின் பிழை இல்ல.

வாவித் தண்ணியில ஊறவச்ச காபன் பைபர் தகடுகள லட்சக்கணக்கான தரம் வளைச்சுப் பார்க்கிறம். எந்தப் பாரத்துக்குக் கீழ அடுக்குகள் பிரியவே மாட்டாது எண்டு கண்டுபிடிச்சாத்தான் அதால தோணி கட்டலாம். மற்றதெல்லாம் தாங்கிச்சு. இந்த ஆறு துண்டு மட்டும் குறைஞ்ச பாரத்திலயே பிரிஞ்சிட்டு.

கூட வேலை செய்யிற பர்ஹானிட்டக் கேட்டன், இதுக்குத் தண்ணி எங்க அள்ளின எண்டு.

"எல்லாம் ஒரே இடந்தான், கல்லடிப் பாலத்தடி."

"எப்ப?"

"வெள்ளத்துக்குள்ள. முகத்துவாரம் வெட்ட முந்தி."

சொன்ன உடனே அவனும் என்னைப் பார்த்தான். வாவி வாயை அடைச்சிருக்கிற மணலை வெட்டி முகத்துவாரத்தத் திறந்தாத்தான் கடல் உள்ள வரும். அதுவரைக்கும் வாவி முழுக்க மழைத்தண்ணி. இந்த ஊரில பிறந்த ரெண்டு பேருக்கும் அது ஞாபகம் வரல்ல. உப்புத்தான் கெடுக்கும் எண்டே இருந்திட்டம். உப்பில்லாத தண்ணிதான் அடுக்குகள ஒட்டி வச்சிருக்கிற ரெசினுக்குள்ள கூடுதலா ஊறும். ஊறின துண்டுகளிட நிறையைத் திரும்பப் பார்த்தன். அந்த ஆறுதான் கூடக் குடிச்சிருக்கு.

சேருக்கு உடனே போன் எடுத்து விசயத்தைச் சொன்னன்.

"அது கொஞ்ச நாள் வெள்ளம்தானே, விடும்" எண்டார்.

"வெள்ளத்திலதான் சேர் எங்கட ஆக்கள் தோணியில ஏறுறது."

அந்த ஆறிட கணக்கையும் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு மெல்லமாச் சொன்னார், "அந்த ஆறும் இருக்கட்டும். பார எல்லையைக் குறைச்சுப் போடும்."