மைதானத்தில் கேட்ட குரல்

ஞாயிறு, இரவு

மேரி வெளிநாட்டில் கோல்கீப்பராக நின்ற ஆட்டத்தை இன்று சாயங்காலம் போனில் பார்த்தேன். வீட்டில் நான் மட்டும்தான். அரங்கம் முழுக்க எதிரணிக்கே கத்தியது. நம் பெண்களுக்குக் கைதட்ட அங்கே ஓர் ஆள் இல்லை. கடைசி நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. நான் வாயே திறக்கவில்லை. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பந்து என் மகள் கையில் இருந்தது.

பிறகு அவளே கூப்பிட்டாள்.

“நைனா, வலது பக்கம் வுழுன்னு நீ கத்துனது கேட்டுச்சு. அதான் வுழுந்தேன்.”

“நான் ராயபுரத்துல வூட்லதானே கீறேன், கண்ணு.”

“போ நைனா. கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி உன் குரல்தான். ஆட்டம் முடிஞ்சும் கூப்ட்டுகினே இருந்தியே, ‘போதும், வூட்டுக்கு வந்துடு’ன்னு.”

அவளை விமானம் ஏற்றிய நாளிலிருந்து அதைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சர்ச்சில் முட்டி போட்டபோதுகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

“நெஜமா வந்துடவா?” என்றாள்.

இன்னும் இரண்டு ஆட்டம் இருக்கிறது. “ஆடிட்டு வா” என்றேன்.

அப்போது அந்தப் பக்கம், அவளுக்குப் பின்னால், யாரோ இருமினார்கள். துறைமுகத்துத் தூசியில் எனக்கு வந்த அதே இருமல்.