ஜன்னலுக்குக் கீழே ஒரு ரோஜா

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் கலந்து வைத்த பால் கெட்டுப்போயிருந்தது. எனக்குத் தெரியவில்லை. புட்டியை பாப்பாவின் வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். அத்தை பின்னாலிருந்து என் கையைப் பிடித்தார். “குடு இப்படி” என்று மட்டும் சொன்னார். மாமியார்கள் திட்டுவார்கள் என்று சொல்கிறார்களே, திட்டித் தொலைத்திருக்கலாம்.

பாப்பா பிறந்த மூன்றாவது வாரம் வந்த காய்ச்சல் போய் மூன்று மாதம் ஆகிறது. போகும்போது என் மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. வேதியியல் படித்தவள் நான். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மூடியைத் திறந்த மாத்திரத்தில் எந்தப் புட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்வேன். இப்போது பால் கெட்டதைச் சொல்ல ஆள் வேண்டும்.

பிப்ரவரி 14

மூக்கு டாக்டரிடம் போனோம். நான்கு குட்டிப் புட்டிகள் கொடுத்தார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையிலும் மாலையிலும் முகர வேண்டும். “வாசனை வருதான்னு தேடாதீங்க. அது எப்படி இருக்கும்னு மனசுல நினைச்சுக்கிட்டே மோந்து பாருங்க. மூளைக்கு வழி மறந்து போச்சு, அவ்வளவுதான்.”

திரும்பி வருமா என்று கேட்டேன். பலருக்கு வருகிறது என்றார். பலர் என்றால் நானா?

வேறு எது வராவிட்டாலும் போகட்டும். பாப்பாவின் உச்சந்தலை. முதல் மூன்று வாரம் முகர்ந்திருக்கிறேன், நாளெல்லாம் முகர்ந்திருக்கிறேன். இப்போது நினைவுபடுத்திப் பார்த்தால், நன்றாகத் தெரிந்த ஒருவரின் பெயர் மட்டும் இருந்து முகம் வராதது போல இருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

புட்டியில் இருக்கும் ரோஜா ரோஜாவே இல்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. உயிருள்ள பூ வேண்டும். இவரை இழுத்துக்கொண்டு நாற்றுப் பண்ணைக்குப் போனேன். வாசனைக்காகவே வளர்க்கிற ரோஜா வேண்டும் என்றேன். பண்ணைக்காரர் இளஞ்சிவப்பில் ஓர் ஒட்டுச் செடியைக் காட்டினார். ஒரு காம்புக்கு ஒரே பூ, நீள மொட்டு.

“வீடு எங்க இருக்கு?”

“கடற்கரைக்குப் பக்கத்துல.”

“அப்ப கொஞ்சம் பிகு பண்ணும். உப்புக் காத்து இலையைக் கருக்கிடும். தினமும் காலையில நல்ல தண்ணில குளிப்பாட்டணும்.”

“வீட்ல ஏற்கெனவே ஒண்ணைக் குளிப்பாட்டிட்டுத்தான் இருக்கோம்” என்றார் இவர். “சோப்பும் போடணுமா?”

நான் சிரித்தேன். சிரித்து எத்தனை நாளாயிற்று.

பிப்ரவரி 23

படுக்கையறை ஜன்னலுக்குக் கீழேதான் கடல் காற்றைச் சுவர் தடுக்கிறது. அங்கே நட்டிருக்கிறேன். மணல் மண். குழியில் பாதிக்குத் தொழு உரம் போட்டேன். ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்கிறது. கடல் பக்கம் இரண்டு கம்பு நட்டு, பழைய படுக்கை விரிப்பைக் கட்டியிருக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் செடிக்கு அறுவைச் சிகிச்சை நடப்பது போல இருக்கிறது.

மார்ச் 1

நான்கு இலை கருகிவிட்டது. ஓரத்தில் உப்புப் பூத்து, தொட்டால் உடைகிறது. பயமாக இருக்கிறது. இது ஒரு செடி, நீ ஏன் இப்படிப் பயப்படுகிறாய் என்று கேட்டுக்கொள்கிறேன். பதில் தெரியும். எழுத வேண்டாம்.

ரோஜாவுக்கு மீன் கழிவு ஊறிய தண்ணீர் அமிர்தம் என்று படித்தேன். மீன்காரம்மாவிடம் கேட்டால் தலையும் குடலுமாக ஒரு பை நிறையக் கொடுத்தார். பெயிண்ட் வாளியில் தண்ணீர் ஊற்றி ஊறப் போட்டு, செடி பக்கத்திலேயே வைத்து, மேலே ஓர் அட்டையை வைத்திருக்கிறேன். வெல்லம் சேர்க்கச் சொல்லியிருந்தது. எறும்பு வரும், வேண்டாம்.

மார்ச் 8

புதுத் துளிர். செம்பு நிறம்.

மார்ச் 13

அத்தை படுக்கையறை ஜன்னலைச் சாத்திவிடுகிறார். திறந்தால் மறுபடி சாத்துகிறார். “காத்து அடிக்குது, பாப்பாவுக்குச் சளி பிடிக்கும்.” காற்றே இல்லாத நாளிலுமா?

மாடி வீட்டு டீச்சர் முன்பெல்லாம் மாலையில் வந்து பாப்பாவைத் தூக்குவார். இப்போது படியிலிருந்தே கையாட்டிவிட்டுப் போகிறார். பூனைகள் மட்டும்தான் என்னைத் தேடி வருகின்றன. ஐந்தாறு, வாளியைச் சுற்றி.

மார்ச் 17, திங்கள்

இன்று வெடித்துவிட்டேன்.

சாப்பாட்டு மேசையைக் கூடத்திலிருந்து எடுத்து முன் அறையில் போட்டிருக்கிறார்கள், அம்மாவும் மகனும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் என்றால், “சும்மா, ஒரு மாறுதலுக்கு” என்கிறார் இவர். அத்தை சுவரைப் பார்க்கிறார். ஏதோ மறைக்கிறார்கள். எனக்குத் தெரியாதா? பால் விஷயத்துக்குப் பிறகு அடுப்படிக்குள் என்னைத் தனியாக விடுவதில்லை. இப்போது என் முன்னால் பேச்சையும் நிறுத்தியாயிற்று.

“என்னை என்ன பைத்தியம்னு நினைச்சீங்களா? எதுக்கும் லாயக்கில்லாதவ, அதானே? நேரா சொல்லித் தொலைங்க” என்றேன். பாப்பா அழுதாள். இவர் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். துறைமுகத்தில் கிரேனின் உச்சியில் நாள் முழுக்க ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கிற மனிதர். சண்டை என்றால் மனதை அங்கே கொண்டுபோய் வைத்துவிடுவார், கீழே இறங்கவே மாட்டார்.

அத்தை என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார். “சாப்பிடு. செடியில மொட்டு வந்திருக்கு, பாத்தியா?”

ஓடிப்போய்ப் பார்த்தேன். வந்திருக்கிறது.

மார்ச் 18

மொட்டு. பயறு அளவு. வாளித் தண்ணீர் ஒரு குவளை கூடுதல்.

மார்ச் 30, ஞாயிறு

இரண்டு மூன்று நாளாக இதழ் விரிவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளி இதழ் வெளிறிய இளஞ்சிவப்பு, உள்ளே போகப் போக அடர்த்தி. காலையில் முழுதாக விரிந்திருந்தது. அங்கேயே குனியப் போனேன். அத்தை கத்தரியோடு வந்தார். “இங்க வேணாம். உள்ள கொண்டுபோய் மோப்போம்” என்று நறுக்கி, முன் அறைக்குக் கொண்டுபோனார்.

இவர் முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். “அப்பா, என்ன வாசம்” என்றவர் சட்டென்று வாயை மூடினார்.

நான் முகர்ந்தேன். மூக்கின் நுனியில் இதழின் குளிர்ச்சி தெரிந்தது. அவ்வளவுதான்.

டாக்டர் சொன்னபடி நினைத்துப் பார்த்தேன். ரோஜா எப்படி இருக்கும்? அதுவே மறந்துவிட்டது.

“நல்லா இருக்கு” என்றேன். பாப்பா ஓர் இதழைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மார்ச் 31

அவள் தூங்கும்போது தலையில் முகத்தை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். மென்மை, சூடு, மூச்சு. எல்லாம் இருக்கிறது. அவள் மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

ஏப்ரல் 5

செடியை விட்டுவிடலாம் என்று இருந்தேன். காலையில் பார்த்தால் அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இலைகளைக் கழுவிக்கொண்டிருக்கிறார். ஒரு கையில் குவளை. இன்னொரு கை முந்தானையோடு மூக்கில். ஜலதோஷம் போல.

“நீ போ, நான் ஊத்திக்கிறேன். இது ஒரு பூவோட நிக்கிற செடியா?”

நானும் போய்க் கழுவினேன். மீன்காரம்மாவிடம் இன்னொரு பை வாங்கி வாளியை நிரப்பினேன்.

ஏப்ரல் 19, சனி

இதை இப்போதே எழுதிவிட வேண்டும்.

மாலையில் வாளியின் அட்டையை எடுத்துக் குவளையை விட்டேன். கலக்கினேன். ஏதோ தொண்டையின் பின்பக்கம் வந்து முட்டியது. முதலில் வலி என்று நினைத்தேன். ரப்பர் எரிந்தது போல, இல்லை, எதுவோ செத்துப்போனது போல. குவளை கையிலிருந்து விழுந்தது. குமட்டியது.

“ஐயே, அத்தை, என்ன இது இப்படி நாறுது!”

அத்தை கொல்லைக் கதவில் நின்றார். கையில் ஈரத்துணி. என்னையே பார்த்தார்.

“என்ன சொன்ன?”

“நாறுது அத்தை. இந்த வாளி.”

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “அடிப் பாவி. எத்தனை நாளா மூக்கைப் பொத்திக்கிட்டு சோறு திங்கிறோம்னு தெரியுமாடி உனக்கு?” என்றார். சிரித்தார். அப்புறம் அதே துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு இன்னொரு முறை முகர வேண்டும் போல இருந்தது. குனிந்து முகர்ந்தேன். வாந்தி எடுத்தேன். இன்னொரு முறை முகர்ந்தேன்.

ஏப்ரல் 20

இவர் எல்லாவற்றையும் கக்கிவிட்டார். மாடி டீச்சர் இரண்டு முறை சண்டைக்கு வந்தாராம். அத்தைதான் மேலே போய்ப் பேசிச் சமாதானப்படுத்தினாராம். மேசையை மாற்றியது, ஜன்னலைச் சாத்தியது, எல்லாம் அந்த வாளிக்கு.

“ராத்திரியோட ராத்திரியா கொட்டிடலாம்னு நான்தான் சொன்னேன். அம்மா விடலை. ‘அவ கையால வச்சது, அவளாத்தான் தூக்கிப் போடணும். மருமகளுக்கு நாத்தம் தெரியலைன்னு நாம சொல்லிக் காட்டக் கூடாது’ன்னுட்டாங்க.”

சாப்பிடும்போது அத்தை சொன்னார்: “டாக்டர் நாலு புட்டி குடுத்தாரு, ஒண்ணும் நடக்கலை. என் மருமக அஞ்சாவதா ஒரு வாளி வச்சா, வேலை செஞ்சிடுச்சு.”

டீச்சருக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். சொல்லி முடிப்பதற்குள் என்னைக் கட்டிக்கொண்டார்.

ஏப்ரல் 27

காபி எரிந்த ரப்பர். சோப்பு எரிந்த ரப்பர். வழி திறக்கும்போது முதலில் எல்லாம் இப்படித்தான் கோணலாக வரும் என்கிறார் டாக்டர். பாப்பாவை முகரப் பயமாக இருக்கிறது. அவளும் அப்படியே இருந்துவிட்டால்? தூக்குகிறேன், கொஞ்சுகிறேன், மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

மே 6

வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். ஜன்னல் திறந்திருக்கிறது. செடியில் மூன்று மொட்டு.

மே 17, சனி

மதியம் பாப்பா என் தோளில் தூங்கிப்போனாள். எவ்வளவு நேரம்தான் மூச்சைப் பிடிப்பது? விட்டேன். இழுத்தேன்.

கழுத்து மடிப்பில் புளித்த பால். நிஜமான புளித்த பால், ரப்பர் இல்லை. அதற்கும் மேலே, உச்சந்தலையில், வெயிலில் காய்ந்த துணி போல, அதுவும் இல்லை, இன்னொன்று. இதற்குப் பெயர் கிடையாது. எனக்குத் தெரியும் இதை.

அசையவில்லை. இவர் வேலை முடிந்து வந்து, “ஏன் சுவரோட ஒட்டி நிக்கிற?” என்றார். உஸ் என்றேன்.

ஜன்னலுக்குக் கீழே மூன்று பூவும் நேற்றே விரிந்துவிட்டனவாம். அத்தை சொன்னார். இன்னும் போய்ப் பார்க்கவில்லை.