மச்சினியைப் பற்றிய பிரசங்கம்

பிப்ரவரி 9

கர்த்தருக்குள் பிரியமான தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உன் சுகத்துக்காகத் தினமும் ஜெபிப்பேன். இன்றைக்கு ஜெபிக்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று ஆராதனையில் உன் அத்தான் தேவனுடைய மகிமையைப் பற்றிப் பேசினார். மலையையும் கடலையும் சொல்லி முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "உயிரோட இருக்கிற ஒரு மனுஷியில அதைப் பாக்கணும்னா, போன மாசம் வந்திருந்த என் மச்சினியைப் பாருங்க. புருஷன் போன பிறகு கார் ஓட்டக் கத்துக்கிட்டு, இன்னைக்கு மத்த பொண்ணுங்களுக்குக் கத்துக்கொடுக்கிறா. அவ சிரிச்சா வீடே சிரிக்குது. படைச்சவருக்கு இதைவிட என்ன ஸ்தோத்திரம் வேணும்?"

சபை முழுக்கத் தலையாட்டியது. முதல் வரிசையில் நானும் ஆட்டினேன். போதகர் மனைவி வேறென்ன செய்வாள்? அவர் போட்டிருந்த அங்கியை வெளுத்து இஸ்திரி போட்டவள் நான். வருகிறவர்களுக்கெல்லாம் சமைத்து, ஞாயிறு பள்ளி நடத்தி, யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாய்ப் போய் உட்காருகிறவளும் நான்தான். மகிமை மட்டும் உனக்கு.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "என்னைப் பத்தி என்னைக்காவது பிரசங்கத்துல சொல்லியிருக்கீங்களா?"

"உன்னைப் பத்தி என்ன சொல்றது?" என்றார், சாப்பிட்டுக்கொண்டே. கெட்ட எண்ணமே இல்லாமல் சொன்னார். அதுதான் சுட்டது.

அடுத்த மாதம் வருவதாகச் சொல்லியிருந்தாய். இந்த முறை வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் காரிலேயே உட்கார்ந்து படித்தேன். நீயாக வா என்று சொல்லும்வரை வரமாட்டேன். போதுமா?

அத்தானுக்கு என்ன தெரியும்? நாலு நாள் விருந்துக்கு வந்தவளின் சிரிப்பைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்காரர் போன பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவளைப் பார்க்கவில்லை. நான் எழுந்தது பக்தியால் இல்லை அக்கா. ஒரு நாள் காலையில் பசித்தது. அவரே போய்விட்டார், எனக்கு எப்படிப் பசிக்கிறது என்று வெட்கமாக இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போது தோன்றியது: பசியைக் கொடுக்கிறவர் என்னை இன்னும் கைவிடவில்லை. அவ்வளவுதான் என் சாட்சி. இதற்கா பிரசங்கம்?

என்னிடம் வருகிற பெண்களுக்கெல்லாம் பிரேக் பிடிக்க நன்றாக வருகிறது, யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆக்ஸிலேட்டரில் வைக்கும்போதுதான் கால் நடுங்குகிறது. அப்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்வேன்.

கோபித்துக்கொண்டாலும் சரி, ஒன்று சொல்கிறேன். நான் வந்திருந்த ஞாயிறன்று அத்தான் பேசியதில் எல்லோரும் குறித்துக்கொண்ட இடம், முந்தின நாள் வெங்காயம் நறுக்கியபடி நீ சொன்னது. உனக்கு அது தெரியவே இல்லையா?

உன் சின்னவள்


மார்ச் 9

என் அன்புத் தங்கைக்கு,

உனக்குப் பதிலே எழுதக் கூடாது என்று இருந்தேன். தெரியாமல் என்ன, எனக்குத் தெரியும். அதை நீ கண்டுபிடித்ததுதான் பிடிக்கவில்லை.

நேற்றுக் காலை உன் அத்தானுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சபை மூப்பர் ஒருவர், "பாட்டோட முடிச்சிரலாமா, ஐயா?" என்று கேட்டார். "நான் பேசுறேன்" என்று ஒரு குரல் கேட்டது. பார்த்தால் என் குரல்.

அவருடைய குறிப்புகளைக் கையில் கொடுத்தார். மேலே ஏறி அவற்றைப் பிரித்தேன், மூடி வைத்தேன். "போன மாசம் ஐயா சொன்ன மச்சினி என் தங்கச்சி. அவளைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது" என்றேன்.

பின்னால் தையற்கார அம்மா மட்டும் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அதோடு என் பயம் போய்விட்டது. "ஆண்டவர் கொடுத்த உயிரை அழுக்குப் படாம மடிச்சுப் பெட்டியில வெச்சிருந்து, அப்படியே திருப்பிக் கொடுக்கிறதுதான் பக்தின்னு இருந்துட்டேன். உடுத்தாத துணியில நெய்தவரோட கைவேலை யாருக்குத் தெரியும்?" அப்புறம் பேசிக்கொண்டே போனேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. உடம்பெல்லாம் விழித்துக்கொண்ட மாதிரி இருந்தது. படைத்தவரும் ஓரமாய் உட்கார்ந்து சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்றே தோன்றியது.

மத்தியானம் முழுக்க போன். "அம்மா, அடுத்த வாரமும் நீங்கதானா?" உன் அத்தான் வெந்நீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் நீளமாப் போச்சு" என்றார், கரகரத்த குரலில். சற்றுப் பொறுத்து, "மைக்குக்குப் பக்கத்துல நின்னிருக்கலாம்." அந்த முகம் எனக்குத் தெரியாதா? சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது. "இனிமே நீங்களே பேசுங்க" என்பது வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"மாசத்துல ஒரு ஞாயிறு எனக்குக் கொடுங்க."

"பாக்கலாம்."

"பாக்க வேணாம். கொடுங்க."

டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்தார். பிறகு, "சரி" என்று டம்ளரை என் பக்கம் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் சூடா." நான் எழுந்திருக்கவில்லை. அவரே போய்ச் சூடாக்கிக்கொண்டார்.

உன்மேல் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். தூக்கிக்கொண்டு நடக்கிற அளவுக்குக் குறைந்திருக்கிறது. நீ புறப்பட்டு வா. வந்து சத்தமாகவே சிரி.

அதுவரை உன் அத்தானுக்காக ஜெபம் செய். வயிற்றெரிச்சல் பொல்லாத வியாதி, அவருக்குப் புதிது.

அக்கா