மூடப்பட்டதாக எழுதப்பட்ட கிளையிலிருந்து

அனுப்புநர்:
எம். முஃபீதா,
ஆய்வு உதவியாளர்,
மொழி, பண்பாட்டு ஆய்வு நிலையம் (கரையோரக் கிளை),
பள்ளிவாசல்துறை.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
மேலைக்கரைப் பல்கலைக்கழகம்.

விடயம்: நிலைய வரலாற்று நூலில் எமது கிளை மூடப்பட்டதாகக் குறிப்பிடப்பட்டிருத்தல்

மதிப்புக்குரிய ஐயா,

1. நிலையத்தின் வெள்ளிவிழாவுக்கு வெளியிட்ட வரலாற்று நூல் தபாலில் கிடைத்தது. நன்றி. அதன் கடைசி அத்தியாயத்தில், "கரையோரக் கிளை 2021இல் மூடப்பட்டது" என்று உள்ளது. அந்த வரியை அதே கிளையில், என் கதிரையில் இருந்துதான் வாசித்தேன்.

2. கிளை மூடப்படவில்லை. காலையில் திறக்கிறேன், கூட்டுகிறேன், ஒலிப்பதிவுக் கருவியில் படியும் உப்பைத் துடைக்கிறேன், மாலையில் பூட்டுகிறேன். மாத அறிக்கையும் தங்கள் அலுவலகத்துக்குத் தவறாமல் வருகிறது. அதை யாராவது பிரித்துப் பார்த்தார்களோ தெரியாது.

3. புதிய பதிவுகள் இல்லை என்பது உண்மை. அதற்குக் காரணம் நிலையத்தின் சொந்த விதி. பேச வருபவருக்கு எதிரே ஒருவர் இருந்து கதைக்க வேண்டும். கருவியை இன்னொருவர் கவனிக்க வேண்டும். கருவியைப் பார்த்துப் பேசச் சொன்னால் எவரும் மேடைப்பேச்சுப் பேசிவிடுவார் என்பதால் நிறுவியவர்கள் வகுத்த நல்ல விதி அது. கதைப்பவள் நான், கருவி என்னோடு வேலை செய்த நிஸ்மியாவின் பொறுப்பு. அவரை இடமாற்றினீர்கள். வேறொருவரைக் கேட்டு நான் எழுதிய கடிதங்கள் என்னவாயின என்று தெரியவில்லை. ஆளையும் தராமல், வேலை நடக்கவில்லை என்று எழுதுவது என்ன நியாயம் என்று பணிவுடன் கேட்கிறேன்.

4. சென்ற மாதம், கரைத்தீவைச் சேர்ந்த ஹயாத்து முகம்மது என்ற முன்னாள் உப்பளத் தொழிலாளி, வீதியால் போனவர், யன்னல் திறந்திருப்பதைக் கண்டு வாசலுக்கு வந்தார். "பூட்டிட்டாங்கண்டு சொன்னாங்களே. அப்ப நீங்க ஆரு, மகள்?" என்று கேட்டார். உள்ளே வரச் சொன்னேன். பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்கும்வரை உப்பளத்தைப் பற்றியும் அவருடைய பேரப்பிள்ளைகளைப் பற்றியும் கதைத்தோம். விதிப்படி எதையும் பதியவில்லை. மக்களின் பேச்சைச் சேர்க்கவென்று தொடங்கிய இந்த இடத்தில், நெடுநாளைக்குப் பின் நான் ஒருவரோடு கதைத்தது அன்றுதான். அவர் போன பின் அழுதேன். மனுவில் இதை எழுதலாமோ தெரியாது, எழுதிவிட்டேன்.

5. ஆகவே, அந்த வரியைத் திருத்தி, நிஸ்மியாவின் இடத்துக்கு ஒருவரை அனுப்பித் தருமாறு வேண்டுகிறேன். மூடுவதே முடிவானால் அதை எனக்கும் அறிவியுங்கள். சாவியைத் தபாலில் அனுப்பச் சொல்ல வேண்டாம். வாங்கிக்கொள்ள ஒருவர் நேரில் வரட்டும். எதிரே உள்ள கதிரையைத் துடைத்தே வைத்திருக்கிறேன். வருபவர் அவசரமில்லாதவராக இருந்தால் நல்லது.

இன்னும் பணியில் இருக்கும்,
எம். முஃபீதா
(ஒப்பம்)

இடம்: பள்ளிவாசல்துறை
திகதி: 12.02.2025