சுல்தானும் தாத்தாவின் கத்தியும்

பஸா, அக்டோபர் 12

என் செல்லப் பேத்தி மயெலுக்கு,

பாட்டி ஜெர்மேன் எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். துருக்கியில், பூர்ஸாவில் நீயும் இல்கெரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

துருக்கி சுல்தான்களைப் பற்றி நம் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் காலத்தில் எழுதியதை அலசி நீ அனுப்பிய ஆராய்ச்சிக் கட்டு வந்து சேர்ந்தது. முதல் பக்கத்தில் உன் பெயர். தபால்காரரிடம் காட்டினேன், ரொட்டிக் கடையில் காட்டினேன். கடைக்காரி, "இதையெல்லாம் நீங்க படிச்சிருவீங்களாக்கும்?" என்றாள். "எம் பேத்தி எழுதினதுடி, எனக்குப் புரியாம எங்க போவும்?" என்றேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் விரலை வைத்து வரிவரியாகப் போனால் புரிகிறது.

தாத்தாவுக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டதால் சத்தமாகப் படிக்கிறேன். முதலில் "துருக்கிக் கதையா? எனக்கு வேண்டாம்" என்று முறுக்கிக்கொண்டார். காரணம் உனக்குத் தெரியும். நம் வீட்டில் அவர் தன் மடக்குக் கத்தியை மடக்கினால் சாப்பாடு முடிந்தது, எல்லாரும் எழுந்துவிட வேண்டும். போன வருடம் முதன்முதலாக நம் வீட்டுக்கு வந்த இல்கெருக்கு அது எப்படித் தெரியும்? நாமெல்லாம் எழுந்து நிற்க, உன்னைக் கட்டிக்கொள்ளப்போகும் அந்தப் பிள்ளை மட்டும் வாத்துக்கறி ருசியாக இருக்கிறது என்று இன்னொரு துண்டு ரொட்டி எடுத்தான். "ஒருத்தன் சொன்னா ஊரே மண்டி போடற நாட்டுலேருந்து வந்தவனுக்கு இதுகூடவா தெரியாது?" என்றார் தாத்தா. நீ அன்றைக்கே பெட்டியைத் தூக்கியவள்தான். அப்புறம் இந்த வாசலை மிதிக்கவில்லை.

ராஜா காலத்தில் நம் பக்கத்துத் திராட்சைத் தோட்டப் பிரபு ஒருவர் எழுதினதாக நீ சொல்கிறாயே, சுல்தான் நாட்டில் சட்டம் கிடையாது, ஒருவன் மனம் போனபடி ஆட்சி, மற்றவர்களுக்கு பயம்தான் வாழ்க்கை என்று, அந்த இடம் வந்ததும் தாத்தா மேசையைத் தட்டினார். "நான் சொன்னதும் இதானே! பெரிய மனுஷனே எழுதியிருக்காரு, பாத்துக்க." நான் பக்கத்தைத் திருப்பினேன். அந்தப் பிரபு அங்கே போனதே இல்லை, பயணிகள் எழுதியதைப் படித்துத்தான் எழுதினார் என்று இருந்தது. ஆயுசு பூராவும் மாட்டு வியாபாரம் பார்த்தவருக்கு அது பொறுக்கவில்லை. "போகவே இல்லையா? மாட்டைப் பாக்காமலா விலை சொன்னான்? திரும்பப் படி."

அதிலிருந்து அவரே அந்தக் காகிதக் கட்டை எடுத்து என் மடியில் வைக்கிறார். அங்கேயும் நீதிபதிகள் உண்டு, நிலத்துக்குப் பத்திரம் உண்டு, அரசனும் மீற முடியாத சட்டம் உண்டு என்று இன்னொரு பிரெஞ்சுக்காரர் மல்லுக்கட்டுகிறாரே, தாத்தா இப்போது அவர் கட்சி.

"அப்ப அந்தப் பிரபு ஏன் அப்படி எழுதினான்?" என்று கேட்டார். நம் ராஜாவை நேராகக் குறை சொல்ல முடியாமல் சுல்தானைக் காட்டிச் சொன்னதும் ஒரு காரணம் என்று நீ எழுதியிருந்ததைப் படித்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மாமனார் சூப்பில் குறை சொன்னால் நான் நாயைத்தானே திட்டுவேன். "தின்னுட்டு மொறைக்கிறியே, வெக்கமில்ல?" என்பேன். கிழவருக்கு உறைக்கும்.

தாத்தாவும் சிரித்தார். பிறகு, "அந்த நாய் என்ன பாவம் பண்ணுச்சு, ஜெர்மேன்?" என்றார். அதற்குமேல் அன்று படிக்க விடவில்லை.

மயெல், உன் ஆராய்ச்சிக்குள் இதற்கு விடை தேடினேன், கிடைக்கவில்லை. அந்த ஊர் மனிதர்கள் இதையெல்லாம் படித்தபோது என்ன நினைத்தார்களாம்? இல்கெர் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பார்த்தாயா? எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவும் சித்தப்பாவும் வந்திருந்தார்கள். தாத்தா வழக்கம்போல் மிச்ச சூப்பில் ஒயினை ஊற்றிக் குடித்தார், கத்தியை ரொட்டியில் துடைத்தார். அடுத்தது கத்தியை மடக்குவார் என்று நாங்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டோம். அவர் கத்தியை மடக்காமல் தட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கன்றுகளைப் பார்க்கப் போய்விட்டார். சித்தப்பா வாயில் கறியோடு, "அம்மா, எந்திரிக்கலாமா வேணாமா?" என்றான். உன் அப்பா மறுபடி பாலாடைக்கட்டி வெட்டிக்கொண்டான்.

திரும்பி வந்த தாத்தா கொல்லைக் கதவில் நின்றபடியே கேட்டார். "அந்தப் பையன் வீட்ல சாப்பாடு முடிஞ்சதுன்னு எப்படித் தெரிஞ்சுக்குவாங்களாம்? கேட்டு எழுதச் சொல்லு." எழுதிவிட்டேன். ஆனால் இதைக் கடிதத்தில் சொல்லி அனுப்பாதே. அவனே வந்து சொல்லட்டும்.

அடுத்த மாதம் வரும் புனிதர் திருநாளுக்கென்று ஒரு வாத்தைக் கொழுக்க வைத்திருக்கிறேன். கடவுள் உங்கள் இருவருக்கும் துணையாக, வழியெல்லாம் கூட வரட்டும். கத்தி இன்னும் விரித்தபடியேதான் கிடக்கிறது. மேசையைத் துடைக்கும்போது அதைச் சுற்றித்தான் துடைக்கிறேன்.

உன்னை நினைத்துப் பூரிக்கும்
பாட்டி ஜெர்மேன்