சாகச நாவல் படித்துவிட்டுத் தொட்டிக்குள் இறங்கியவனுக்கு

என் சீனிவாசா, தங்கச்சி வீட்டுக்காரா, நான் பார்த்த முட்டாள்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தவனே,

மாம்பழ சீசன் மறுபடி தொடங்கிவிட்டது. கிருஷ்ணகிரி ரோட்டில் மாம்பழக் கூழ் எடுக்கும் நம் பல்ப் யூனிட் வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஈ, தோல், கொட்டை, அழுகல் வாடை, எல்லாம் போன வருஷம் போலவே. உன் பாய்லர் ஷிஃப்டில் தர்மபுரிக்காரன் ஒருவன் நிற்கிறான். வேலையை உன்னைவிட ஒழுங்காகச் செய்கிறான். புத்தகம் படிப்பதில்லை.

செத்தவனைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டுமாம். ஒரு வருஷமாக எல்லோரும் பேசியாகிவிட்டது. கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உன் நாவல்கள் இப்போது என் அறையில் இருக்கின்றன. தங்கச்சி கவிதா ஒரு அட்டைப்பெட்டியில் கட்டிக் கொடுத்தாள். விக்டோரியா ராணி காலத்தில் லண்டன்காரர்கள் எழுதியவை. பெங்களூர் நடைபாதையில் கிலோ கணக்கில் வாங்கினாய். தெர்மோடைனமிக்ஸ் பேப்பரை மூன்று தடவை எழுதிய நீ, டிக்ஷனரி வைத்துக்கொண்டு இதையெல்லாம் வரிவரியாகப் படித்திருக்கிறாய். ஓரத்தில் பென்சிலால் தமிழ் அர்த்தம் வேறு.

ஏன் இப்படிப் படித்தாய் என்று கண்டுபிடிக்க நானும் படித்தேன். உன் மேல் இருந்த கோபத்தில்தான் ஆரம்பித்தேன். ஒன்றை முடித்ததும் அடுத்ததை எடுத்தேன். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

அந்தக் கதைகள் ஏன் இன்னும் ஓடுகின்றன தெரியுமா? அவற்றை எழுதியது கடலில் போனவனுக்காக அல்ல. லண்டன் ஆபீசில் காலையிலிருந்து இருட்டும்வரை ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்காக. அவன் நாற்காலியில்தான் இன்றைக்கு நாம் உட்கார்ந்திருக்கிறோம். நீ எட்டு மணி நேரம் ஒரே பிரஷர் கேஜைப் பார்த்தாய். நான் எட்டு மணி நேரம் ஒரே பேனலைப் பார்த்தேன். இந்த வேலை இருக்கும்வரை அந்தப் புத்தகம் சாகாது. எங்கோ ஒரு வரைபடம், அதில் இன்னும் யாரும் வரையாத ஒரு இடம், அங்கே ஒரு மனிதன் போகிறான். அவனுக்கு சூப்பர்வைசர் கிடையாது. எனக்கே அவன் பின்னால் கிளம்பிவிடத் தோன்றியது, பொய் சொல்லவில்லை.

ஆனால் நீ ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்தக் கதைகளில் மூட்டை தூக்க ஆட்கள் வருவார்கள். கறுப்பு ஆட்கள், நம் நிறத்து ஆட்கள். பேர் கிடையாது. ஒரு வரியில் ஆறு பேர் ஆற்றோடு போவார்கள், அடுத்த வரியில் துரை கூடாரத்தில் டீ குடிப்பார். படிக்கும்போது நீ எப்போதும் துரை பக்கத்திலேயே நின்றாய். நீ செத்த மறுநாள் பேப்பரில் என்ன வந்தது தெரியுமா? ‘தொட்டியில் விழுந்த தொழிலாளி பலி.’ நாலே வரி. பேர் இல்லை.

டீ டைமில் நீ கதை சொல்வாயே, அந்தக் கூட்டம் இப்போது கூடுவதில்லை. ஒடிசா ஆட்கள், ஆந்திரா லோடு ஆட்கள், எல்லோருக்கும் புரிகிற மாதிரி கையும் காலும் ஆட்டிச் சொல்வாய். ஒருநாள் நான் இடையில் புகுந்தேன்.

“ஏன்டா மாப்ள, உன் ஹீரோ குகைக்குள்ள எறங்குறானே, உள்ள என்னா கேஸ் இருக்குதுன்னு பாத்தானா?”

“வந்துட்டான்டா சேஃப்டி ஆபீசரு! பெர்மிட் வாங்கினு எவன்டா புதையல் எடுத்தான்?”

எல்லோரும் சிரித்தார்கள். ஒடிசாக்காரன் பிகாஷ், புரிந்ததோ புரியவில்லையோ, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

உன் ஹீரோக்கள் தடயம் பார்ப்பார்கள். முறிந்த கிளை, காலடி, சாம்பல், எதைப் பார்த்தாலும் நடந்ததைச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் கணக்கு ஒருபோதும் தப்பாது, ஏனென்றால் காலடியைப் போட்டதும் கதை எழுதியவன்தான். நீ அதை உலகம் என்று நம்பினாய்.

அன்றைக்கு மத்தியானம் கழிவுத் தொட்டியின் மூடி திறந்திருந்தது. மேலிருந்து ஹோஸ் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்த பிகாஷ் அங்கே இல்லை. அவனுடைய ரப்பர் செருப்பு மட்டும் தொட்டி வாய் ஓரத்தில் ஜோடியாக இருந்தது. ஹோஸில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உனக்கு அது போதும். ஆள் உள்ளே விழுந்துவிட்டான் என்று முடிவு செய்தாய்.

நாலு அடி தள்ளிச் சுவரில் போர்டு இருந்தது. யார் தொட்டிக்குள் இறங்கினாலும் தன் பேர் எழுதிய தகட்டை ‘உள்ளே’ பக்கம் மாட்ட வேண்டும். நான் வெல்டு பண்ணி, பெயின்ட் அடித்து மாட்டிய போர்டு அது. பிகாஷின் தகடு ‘வெளியே’ பக்கம் தொங்கியது. நீ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“பிகாஷ்! பிகாஷ்!” என்று நீ போட்ட சத்தம் கேட்டு ஓடிவந்தேன். தொட்டிக்குள் விஷவாயு இருக்கிறதா என்று காட்டும் கேஸ் மீட்டர் பேனல் ரூமில் இருந்தது. அதை எடுக்கத் திரும்பி ஓடினேன்.

“எறங்காதடா! மீட்டர் எடுத்தாறேன், ரெண்டு நிமிஷம்!”

“ரெண்டு நிமிஷத்துல அவன் செத்துருவான்டா!”

திரும்பிப் பார்த்தபோது உன் தலை உள்ளே போய்க்கொண்டிருந்தது. முகத்தில் பயம் இல்லை. சந்தோஷம் மாதிரி ஏதோ இருந்தது. அதை இன்றுவரை உனக்கு நான் மன்னிக்கவில்லை. நாலாவது படியில் கேஸ் தாக்கி உன் கை பிடியை விட்டது.

நான் இறங்கவில்லை. என் சேஃப்டி படிப்பு அதைத்தான் சொல்லிக் கொடுத்தது: இரண்டாவது ஆள் இறங்கினால் இரண்டாவது பிணம். இறங்கப் போன லோடு ஆட்கள் இரண்டு பேரையும் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினேன். ஒருவன் என்னைத் தெலுங்கில் கெட்ட வார்த்தையில் திட்டினான். அப்போது தோல் கொட்டும் ஷெட்டுக்குப் பின்னாலிருந்து பிகாஷ் வந்தான். காலில் கம்பூட்ஸ், கையில் டீ கிளாஸ். என் பக்கத்தில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான்.

“யாரு சார் விழுந்தது?” என்று கேட்டான்.

கம்பூட்ஸ் போடத்தான் செருப்பைக் கழற்றி வைத்திருக்கிறான். அவ்வளவுதான் உன் தடயம்.

தீயணைப்பு வண்டி வந்து உன்னைக் கயிற்றில் தூக்கி எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் கதை தயார். பிகாஷ் உள்ளே விழுந்தான், நீ அவனை மேலே தள்ளிவிட்டு உயிரை விட்டாய். மேனேஜர் சொன்னார், அப்படி எழுதிய விபத்து ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போட்டேன். பிகாஷை அன்றைக்கே ரயிலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். பாகலூரில் உன் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள், ‘உயிர் கொடுத்து உயிர் காத்த வீரன்’ என்று. கவிதா அதன் கீழே நின்று அழுதாள். அவள் நிமிர்ந்து நிற்க அந்தக் கதை வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாருக்கு வேண்டியிருந்தது அது?

கவிதா இப்போது ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குப் போகிறாள். காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் கம்பெனி பஸ். அழுவதில்லை. போன வாரம் எனக்கு போன் பண்ணினாள்.

“அண்ணா, அந்த பிகாஷு இந்த சீசனுக்கு வந்துட்டாராமே? ஞாயித்துக்கிழம திதிக்குக் கூட்டினு வா. அவரால உசுரோட இருக்கற மனுசன். ஒரு எல போட்டு, வேட்டி எடுத்துக் குடுக்கணும்.”

பிகாஷிடம் சொன்னேன். முகம் வெளுத்துப்போய்விட்டது. “சார், நான் என்ன சொல்றது? அக்கா சோறு போட்டா எப்படி சாப்டறது?” என்றான். 

நேற்று பாகலூர் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பு, போர்டு, டீ கிளாஸ், கையெழுத்து. மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

“அப்ப உள்ள யாருமே இல்ல.”

“இல்ல.”

“அவரு சும்மா செத்தாரு.”

“ஆமா.”

இன்னும் இரண்டு காம்பை ஒடித்துத் தட்டில் போட்டாள். பிறகு, ஒரு வருஷமாக யாரும் கேட்காததைக் கேட்டாள். போலீஸ் கேட்கவில்லை, ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை.

“மூடி தொறந்து இருக்கறப்ப மீட்டரு அங்கதானே இருக்கணும்? நீதான அடிக்கடி சொல்லுவ. அது ஏன் ரூம்ல இருந்துச்சு?”

“சார்ஜ் போட்டிருந்தேன். முந்தின நாளே போட்டிருக்கணும். மறந்துட்டேன்.”

உன்னை முட்டாள் என்று இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். நீ இரண்டு நிமிஷம் பொறுக்கவில்லை, உண்மை. ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தை உண்டாக்கி வைத்தவன் நான்.

கவிதா கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“பிகாஷ் வரட்டும். அவரு கடைசியா கூப்ட்டது அந்தப் பேரத்தான். வந்து சாப்பிடட்டும். நீ வராத.”

“கவி...”

“வராதண்ணா. உன்ன வெச்சினு என்னால எல போட முடியாது.”

சீனி, பிகாஷுக்கு பாகலூரில் வழி தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவனை பஸ்ஸில் கூட்டி வந்து உன் வீட்டு வாசலைக் காட்டிவிட்டு, நான் தெருவிலேயே நின்றுகொள்வேன். அவன் சாப்பிட்டு வெளியே வரும்வரை நிற்பேன். திங்கட்கிழமை ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போய், போன வருஷம் கையெழுத்துப் போட்டது பொய் என்று எழுதிக் கொடுப்பேன். மீட்டர் எங்கே இருந்தது என்பதையும் சேர்த்து. இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் மச்சான். உன் பெண்டாட்டி இன்னும் என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவரைக்கும்.