பிப்ரவரிக்கு முந்திய ஏப்ரல்

1934, மார்ச் 3

மழை. நூலகத்தில் கணப்பு புகைகிறது. அண்ணன் கில்பர்ட்டின் கல்யாணத்துக்குள் எங்கள் வம்ச வரலாறு அச்சேற வேண்டும் என்கிறார் அப்பா. அவர் பதினோராவது பென்டர்லி பிரபு. அண்ணன் பன்னிரண்டாவது ஆவான். நான் எழுதித் தருகிறவள்.

மார்ச் 6

ஐந்தாவது பிரபு சைமன் வரை வந்துவிட்டேன். சுவரில் தொங்கும் வம்சாவளிப்படி அவருடைய பெற்றோர் கல்யாணம் 1731 பிப்ரவரி 9. அவருடைய ஞானஸ்நானம் 1731 ஏப்ரல் 2. மதியச் சாப்பாட்டில் அண்ணன் வழக்கம்போல: "ரெண்டே மாசத்துல புள்ள! நம்ம ஆளுங்க எதுலயும் முந்திதான்." அப்பா முயல்கறியைப் பார்த்தபடி சிரித்தார்.

மார்ச் 9

பாதிரியார் பழைய பதிவேட்டை நம்பிக் கொடுத்தனுப்பினார். இரண்டும் ஒரே பக்கத்தில். மேலே சைமனின் ஞானஸ்நானம். கல்யாணம் பல வரிகள் கீழே.

ஏன் கீழே?

மார்ச் 10

கல்லூரியில் படித்ததுதான். அந்நாளில் இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது ஜனவரியில் அல்ல, மார்ச் 25இல். 1731க்கு ஏப்ரல் தொடக்கம்; பிப்ரவரி முடிவு. முதலில் குழந்தை. பத்து மாதம் கழித்து மோதிரம்.

பிந்தி நடந்த கல்யாணம் பிள்ளைக்குப் பட்டம் தராது. கல்யாணத்துக்குப் பின் பிறந்த சைமனின் தம்பிக்குப் போயிருக்க வேண்டியது. தம்பி வழியில் இன்று இருப்பவர் ஆம்ப்ரோஸ் லாவரிக் — எங்கள் குதிரைகளுக்கு மருந்து கொடுக்கப் பின்வாசல் வழியாக வரும் கால்நடை மருத்துவர்.

அன்றைக்குத் தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பின்னால் வந்தவர்களுக்குத் தேதியைப் படிக்கத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தோம்.

மார்ச் 12

அண்ணனிடம் சொன்னேன்.

"ஒரே ஒரு தாள்டி, ஹெஸ்டர். கணப்புல போட்டா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

"உனக்கென்ன. நீ எதை இழக்கப்போற?"

சரிதான். எனக்கு எந்தப் பட்டமும் வரப்போவதில்லை. அதனால்தான் இவ்வளவு நேர்மையா நான்?

மார்ச் 13

எதுவும் எழுதவில்லை. அந்தத் தாளின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். தையல் தளர்ந்திருக்கிறது. லேசாக இழுத்தால் வந்துவிடும்.

மார்ச் 15

அண்ணனும் இருக்க, அப்பா முன்னால் பதிவேட்டை விரித்து வைத்தேன். கண்ணாடியை மாட்டினார். கழற்றினார்.

"ஏப்ரல் மேல இருக்கே."

"ஆமாப்பா."

பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளினார். பிறகு, "இருக்கறபடியே எழுது. அப்படியே அச்சுக்குக் குடு."

அண்ணன் எழுந்து போனான். கதவு அதிர்ந்தது.

மார்ச் 17

லாயத்துக்கு அப்பாவே போய்ச் சொன்னார். ஆம்ப்ரோஸ் கையிலிருந்த பெண்குதிரையின் குளம்பை விடவில்லை.

"நானா பிரபு? ஒழுகுற கூரைய என் தலையில கட்டப் பாக்குறீங்களா, ஐயா? மொதல்ல இவ கழுத்தைப் புடிங்க, உதைக்கப்போறா."

அப்பா பிடித்துக்கொண்டார்.

மார்ச் 18, ஞாயிறு

தேவாலயம். முன்வரிசையில் எங்கள் குடும்ப இருக்கைக்கு ஒரு சின்னக் கதவு உண்டு. வீட்டுத் தலைவர் முதலில் நுழைவார், மற்றவர்கள் வரிசைப்படி. அப்பா கதவைத் திறந்தார். நுழையவில்லை. ஒதுங்கி நின்று, பின்வரிசையிலிருந்த ஆம்ப்ரோஸைப் பார்த்துத் தலையசைத்தார். ஊரே திரும்பியது.

அவர் தயங்கித் தயங்கி வந்தார். "சேத்துக்காலோட எப்படிங்க..."

"போங்க," என்றார் அப்பா.

போனார். அடுத்து அப்பா. அடுத்தது அண்ணன். அவன் நடைபாதையிலேயே நின்றான். நான் உள்ளே போய் உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல் இருந்தேன். முதல் பாட்டு முடிந்தது.

பக்கத்தில் பலகை அசைந்தது. அண்ணன் உட்கார்ந்து, கையை நீட்டிக் கதவைச் சாத்தினான்.